விடுபடக் கூடாது: மூலக்கூறு அமைப்பைக் கணினி தேடத் தொடங்கிய ஆண்டுகள்

 

வேதியியலும் கணினியும் சந்திக்கும் ஒரு பொருளைப் பற்றி இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மருந்து வடிவமைப்பு, செயற்கை நுண்ணறிவு என்று இன்றைக்குப் பேசப்படும் ஒன்றை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது அவற்றுக்கெல்லாம் அடியில் கிடக்கும் பழைய கேள்வி ஒன்றை. 'இந்தச் சேர்மத்தை இதற்கு முன் யாராவது செய்திருக்கிறார்களா?' என்பதுதான் அது.

காப்புரிமை அலுவலகத்தில் பணிபுரியும் ஒரு பரிசோதகரின் நிலையிலிருந்து இதைப் பாருங்கள். புதிய சேர்மம் கண்டுபிடித்திருக்கிறோம், உரிமை கொடுங்கள் என்று ஒரு நிறுவனம் விண்ணப்பிக்கிறது. அது புதியதுதானா என்று அவர் பழைய ஆவணங்களைப் புரட்ட வேண்டும். புரட்டும்போது இரண்டு வகைத் தவறு நேரலாம். தொடர்பில்லாத இருபது ஆவணங்கள் கைக்கு வந்தால் அரை நாள் வீணாகும், அவ்வளவுதான். தொடர்புள்ள ஒரே ஓர் ஆவணம் கைக்கு வராமல் போனாலோ, பழைய பொருளுக்குப் புதிய உரிமை கிடைத்துவிடும். அது மருந்தானால் நோயாளியும், பூச்சிக்கொல்லியானால் உழவரும் அதன் விலையைக் கொடுப்பார்கள். கூடுதலாக வரலாம், ஒன்றுகூட விடுபடக் கூடாது. இன்று நான் சொல்லப்போகும் வழிமுறைகள் பெரும்பாலும் இந்த ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு வளர்ந்தவை என்பது என் கருத்து. இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் கணினியின் வேகத்தையே பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, எதையும் இழக்காமல் வேலையைக் குறைக்க அந்த மனிதர்கள் கண்ட வழி.

கணினிக்கு முன்பும் தேடினார்கள். பைல்ஸ்டைன் 1881-இல் வெளியிடத் தொடங்கிய கரிம வேதியியல் கையேடு, 1907-இல் தொடங்கிய கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் ஆகியவற்றின் தொகுதிகள் நம் பழைய நூலகங்கள் சிலவற்றில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் தேட இரண்டு வாசல்கள்: பெயர், மூலக்கூறு வாய்பாடு. வாய்பாடுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதற்கு 1900-ஆம் ஆண்டிலேயே ஒரு விதி வந்துவிட்டது. முதலில் கார்பன், அடுத்து ஹைட்ரஜன், பிறகு மற்றத் தனிமங்கள் ஆங்கில அகரவரிசையில். ஹில் முறை என்று நாம் சொல்லும் அந்த விதியைத் தந்த எட்வின் ஹில், அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தைச் சேர்ந்தவர். அந்த அலுவலகம் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரும்.

வாய்பாடு நல்ல வாசல்தான், ஆனால் குறுகலானது. பத்துக் கார்பன் கொண்ட ஆல்கேனுக்கு 75 மாற்றியங்கள். இருபது கார்பன் என்றால் 3,66,319. எல்லாவற்றுக்கும் ஒரே வாய்பாடு. பெயரோ, ஒரே பொருளுக்குப் பல. அதைவிட முக்கியமாக, வேதியியலர் கேட்கும் கேள்வி பெயரிலும் இல்லை, வாய்பாட்டிலும் இல்லை. 'பென்சீன் வளையத்தில் அடுத்தடுத்த இரு கார்பன்களில் ஒன்றில் அமிலத் தொகுதியும் மற்றொன்றில் எஸ்டரும் கொண்ட சேர்மங்கள் எவை?' என்று கேட்கிறார். அவர் மனத்தில் இருப்பது ஒரு படம். அந்தப் படத்தைத் தன்னுள் ஒரு பகுதியாகக் கொண்ட எல்லாச் சேர்மங்களும் அவருக்கு வேண்டும். இதை உட்கட்டமைப்புத் தேடல் என்று சொல்லலாம்.

முதல் முயற்சிகள் அட்டையில் நடந்தன. விளிம்பெங்கும் துளையிட்ட அட்டைகள். ஒவ்வொரு துளையும் ஒரு பண்பு. பண்பு இருந்தால் அந்தத் துளையை விளிம்புவரை வெட்டித் திறந்துவிடுவார்கள். கட்டு முழுவதிலும் ஒரு நீள ஊசியைக் கோத்துத் தூக்கி உலுக்கினால், வெட்டப்பட்ட அட்டைகள் கீழே உதிரும். துளைகள் சில டஜன், பண்புகளோ நூற்றுக்கணக்கில். அமெரிக்கர் கால்வின் மூயர்ஸ் 1940-களின் இறுதியில் இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு பண்புக்கும் ஒரே துளையை ஒதுக்காமல், சில துளைகளின் கோலத்தை ஒதுக்கினார். பல பண்புகளின் கோலங்கள் ஒரே அட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அப்படி விழும்போது, தேடாத அட்டையும் தற்செயலாகச் சில நேரம் உதிரும். தேடிய அட்டை உதிராமல் போவது மட்டும் நடக்கவே நடக்காது. பரிசோதகரின் நிபந்தனை இங்கே கணிதமாகிவிட்டதைக் கவனியுங்கள். தகவல் மீட்பு என்று நாம் தமிழில் சொல்லும் துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவரும் இதே மூயர்ஸ்தான், 1950-இல்.

இனி 1957. வாஷிங்டனில் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அலுவலகம் 1950-இல் கட்டிய சீயக் என்ற கணினி இருந்தது. அதன் நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்கள். ஒலித் துடிப்புகள் பாதரசத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் நினைவு. தொடக்கத்தில் அதில் 512 சொற்கள் அடங்கின, ஒவ்வொன்றும் 45 பிட். அந்த இயந்திரத்தை வைத்துக்கொண்டு லூயிஸ் ரே, ரஸ்ஸல் கிர்ஷ் என்ற இருவர், காப்புரிமை அலுவலகத்தின் தேவைக்காக, ஸ்டீராய்டு சேர்மங்களை அமைப்பு வழியாகத் தேடிக் காட்டினார்கள். சயன்ஸ் இதழின் 1957 அக்டோபர் வெளியீட்டில் அந்தக் கட்டுரை வந்தது. (அதே ஆண்டு கிர்ஷ் தம் கைக்குழந்தையின் படத்தை 176-க்கு 176 புள்ளிகளாக அதே கணினிக்குள் ஏற்றினார். உலகின் முதல் டிஜிட்டல் படம் அது. அவரை உலகம் அதற்காகவே நினைவில் வைத்திருக்கிறது. வேதியியலர்களாவது இந்தக் கட்டுரைக்காகவும் நினைக்க வேண்டும்.)

அவர்கள் செய்ததை ஆஸ்பிரினில் செய்து பார்ப்போம். ஹைட்ரஜனை விட்டுவிட்டால் ஆஸ்பிரினில் 13 அணுக்கள்: 9 கார்பன், 4 ஆக்சிஜன். எண் கொடுங்கள். வளையத்தின் கார்பன்கள் 1 முதல் 6. ஒன்றாம் கார்பனில் தொங்கும் அமிலக் கார்பன் 7. அதனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள ஆக்சிஜன் 8. ஹைட்ராக்சில் ஆக்சிஜன் 9. இரண்டாம் கார்பனில் தொங்கும் எஸ்டர் ஆக்சிஜன் 10. அடுத்த கார்பன் 11. அதன் இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜன் 12. கடைசி மெத்தில் கார்பன் 13. இப்போது ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே அது எந்தத் தனிமம், எந்தெந்த எண்ணோடு எந்த வகைப் பிணைப்பு என்று எழுதினால் படம் ஓர் அட்டவணையாகிவிடும். இதுவே இணைப்பு அட்டவணை. கணினிக்குப் படம் தெரியாது, அட்டவணை தெரியும்.

கேள்வி இது: ஓர் ஆக்சிஜன், அதோடு ஒற்றைப் பிணைப்பில் ஒரு கார்பன், அந்தக் கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜன், ஒற்றைப் பிணைப்பில் ஒரு மெத்தில். அதாவது அசிட்டைல் எஸ்டர். கணினி முதல் ஆக்சிஜனைத் தேடி 8-க்கு வருகிறது. 8-க்கு ஒற்றைப் பிணைப்பே இல்லை, கைவிடு. அடுத்து 9. அதோடு ஒற்றைப் பிணைப்பில் கார்பன் 7 உண்டு. 7-உடன் இரட்டைப் பிணைப்பில் 8 உண்டு. மெத்தில்? 7-இல் மிச்சமிருப்பது வளையக் கார்பன் 1, மெத்தில் இல்லை. வந்த வழியே பின்வாங்கு. அடுத்து 10. அதன் அண்டை அணுக்களில் முதலில் 2. அதில் இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜன் இல்லை, பின்வாங்கு. மற்றொரு அண்டை அணு 11. அதோடு 12 இரட்டைப் பிணைப்பில், 13 மெத்தில். கேள்வியின் நான்கு அணுக்களுக்கும் இடம் கிடைத்துவிட்டது.

முன்னேறு, முட்டினால் பின்வாங்கு, வேறு கிளையில் முயல். கேட்க எளிது. ஆனால் எல்லாக் கிளைகளையும் முயன்ற பிறகுதான் 'இல்லை' என்று சொல்கிறது என்பதால், அந்த 'இல்லை'யை நம்பலாம். நூலகர் ஒருவர் நாள் முழுக்கத் தேடிவிட்டு 'கிடைக்கவில்லை' என்று சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு வேறுபாடு!

நம்பலாம், ஆனால் காலம் பிடிக்கும். ஓர் அமைப்புக்குள் இன்னோர் அமைப்பு இருக்கிறதா என்ற கேள்வி பொதுவாக எவ்வளவு கடினமானது என்பதை ஸ்டீபன் குக் 1971-இல் நிறுவினார். எல்லா நேரமும் விரைந்து முடிக்கும் வழி எவருக்கும் தெரியாத கணக்குகளில் அதுவும் ஒன்று. வேதியியலருக்கு ஒரு நற்பேறு உண்டு. கார்பனுக்கு நான்கு பிணைப்புதான். அதனால் கிளைகள் கட்டுக்குள் இருக்கும். அப்படியிருந்தும், லட்சம் சேர்மங்கள் உள்ள கோப்பில் ஒவ்வொன்றையும் அணு அணுவாகப் பார்ப்பது அந்தக் கால இயந்திரங்களுக்கு ஆகாத காரியம்.

ஆகவே முன்வடிகட்டல் வந்தது. கேள்வியில் இரண்டு நைட்ரஜன் இருந்து, கோப்பிலுள்ள சேர்மத்தில் நைட்ரஜனே இல்லை என்றால், அதை அணு அணுவாகப் பார்க்க வேண்டியதில்லை. அதுபோல ஒவ்வொரு சேர்மத்திலும் எந்தெந்தச் சிறு துண்டுகள் உள்ளன என்று முன்கூட்டியே குறித்து, ஆம்-இல்லை என்ற பிட்களாக வைத்துவிடலாம். கேள்வியில் உள்ள துண்டு ஏதாவது ஒன்று சேர்மத்தில் இல்லையென்றால் அந்தச் சேர்மம் விடையாக இருக்கவே முடியாது. மிஞ்சுகிறவற்றை மட்டும் ரே-கிர்ஷ் வழியில் சோதித்தால் போதும். மூயர்ஸின் அட்டைக் கட்டு பிட் வடிவில் திரும்பி வந்தது போலத்தான் இது.

எந்தத் துண்டுகளைத் தேர்வது? இந்த இடத்தில்தான் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் வருகிறது. கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸில் பணியாற்றிவிட்டு 1965-இல் அங்கே வந்த மைக்கேல் லிஞ்ச், வேதியியல் துறையில் சேரவில்லை; நூலகவியல் பள்ளியில் சேர்ந்தார். அவருடைய குழு, சேர்மக் கோப்புகளில் எந்தத் துண்டு எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தது. பரவல் மிகவும் ஏறுமாறாக இருந்தது. கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பு ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். சில துண்டுகள் ஆயிரத்தில் ஒன்றில்கூட இரா. திருவிழாக் கூட்டத்தில் ஒருவரைத் தேடித் தரச் சொல்லி 'வேட்டி கட்டியிருப்பார்' என்று அடையாளம் சொன்னால் யாரையும் விலக்க முடியாது. 'இடக்கையில் ஆறு விரல்' என்பது நல்ல அடையாளம்தான், ஆனால் தேடப்படுகிறவர்களில் எத்தனை பேருக்கு ஆறு விரல்? நடுத்தரமாக, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே அளவில் வரும் துண்டுகளே நன்றாக வடிகட்டும் என்று ஷெஃபீல்டு குழு காட்டியது. அதனால் அதிகம் வரும் துண்டுகளை அக்கம்பக்கத்து அணுக்களையும் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். அரிதானவற்றைச் சிறிதாகவே விட்டார்கள். வேதியியலர் முக்கியம் என்று நினைக்கும் தொகுதிகளை விட்டுவிட்டு, எண்ணிக்கை சொல்வதைக் கேட்டது பெரிய துணிவு. நூலகவியல் மாணவர்கள் இதைப் பெருமையோடு நினைக்கலாம்.

வேறொரு பாதையும் இருந்தது. மூலக்கூறை ஒரே வரியில் எழுத்தாக எழுதிவிடுவது. வில்லியம் விஸ்வெஸ்ஸர் 1949-இல் முன்வைத்த குறியீடு அப்படிப்பட்டது. தட்டச்சிலும் துளை அட்டையிலும் இருக்கும் பெரிய எழுத்துகளும் எண்களுமே அதற்குப் போதும். அதில் ஆஸ்பிரின்: கியூ-வி-ஆர், ஓர் இடைவெளி, பி-ஓ-வி-1. கியூ என்றால் ஹைட்ராக்சில், வி என்றால் கார்பனைல், ஆர் பென்சீன் வளையம். இடைவெளிக்குப் பின் வரும் பி அடுத்த கார்பனைச் சுட்டுகிறது. பிறகு ஆக்சிஜன், கார்பனைல், ஒரு கார்பன். ஏழு குறிகளில் முழு மூலக்கூறும் முடிந்துவிட்டது. பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் மால்கம் டைசனின் குறியீட்டை ஏற்றது. தொழிற்சாலைகளோ விஸ்வெஸ்ஸரை ஏற்றன. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் கிராஸ்போ என்ற முழுத் தேடல் அமைப்பையே இதன்மேல் கட்டியது. யூஜீன் கார்ஃபீல்டின் இண்டெக்ஸ் கெமிக்கஸும் இதையே பயன்படுத்தியது. (கார்ஃபீல்டைப் பற்றி இன்னொன்று: வேதிப் பெயரைப் படித்து மூலக்கூறு வாய்பாட்டைக் கணக்கிடும் வழிமுறைக்காக 1961-இல் அவர் பெற்ற முனைவர் பட்டம் மொழியியலில்.) விஸ்வெஸ்ஸர் குறியீட்டின் குறை, அதை எழுதப் பயின்ற ஆட்கள் வேண்டும் என்பது. ஒரே மூலக்கூறுக்கு ஒரே வரி என்ற விதி, எழுதுகிறவர் தவறாமல் எழுதும் வரைதான். ஒருவர் பிசகினால் அந்தச் சேர்மம் கோப்பில் இருந்தும் இல்லாததாகிவிடும்.

இணைப்பு அட்டவணைக்கும் அதே நோய் உண்டு. ஆஸ்பிரினின் 13 அணுக்களுக்கு எண் கொடுக்கும் வழிகள் 622 கோடிக்கும் மேல். நான் ஒரு வரிசையில் எண் கொடுத்தேன். நீங்கள் வேறு வரிசையில் கொடுத்தால் அட்டவணை வேறு. ஒரே பொருள்தான் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸில் பணியாற்றிய ஹாரி மார்கன் 1965-இல் வெளியிட்ட விடை, இத்துறையின் மிக அழகிய சிந்தனைகளில் ஒன்று.

2-மெத்தில்பென்டேனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கார்பன் சங்கிலி, இரண்டாவதில் ஒரு கிளை. ஒவ்வொரு கார்பனுக்கும் அதன் அண்டைக் கார்பன்களின் எண்ணிக்கையைக் குறியுங்கள். சங்கிலியில் 1, 3, 2, 2, 1, கிளைக்கு 1. இந்நிலையில் மூன்று முனைகளும் ஒன்றுபோல் தெரிகின்றன. நடுவிலுள்ள இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன. இப்போது ஒவ்வொரு கார்பனிலும் அதன் எண்ணை அழித்துவிட்டு, அண்டைக் கார்பன்களின் எண்களைக் கூட்டி எழுதுங்கள். சங்கிலி 3, 4, 5, 3, 2 ஆகிறது, கிளை 3. தொலைவிலுள்ள முனைக்கு 2, கிளைக்கு அருகிலுள்ள இரு முனைகளுக்கும் 3. முனைகள் பிரிந்துவிட்டன. அந்த இரு முனைகளும் உண்மையிலேயே சமமானவை. அவை பிரியாமல் நிற்பதும் சரிதான். நடுவிலிருந்த இரட்டையர் 5 என்றும் 3 என்றும் விலகிவிட்டார்கள். வேறுபடும் எண்கள் பெருகும் வரை கூட்டிக்கொண்டே போ. பெருகுவது நின்றதும் நிறுத்து. மிகப் பெரிய எண் பெற்ற அணுவிலிருந்து எண்ணிடத் தொடங்கி வெளியே போ. சமமாக நிற்பவற்றைத் தனிமம், பிணைப்பு ஆகியவற்றால் பிரித்துக்கொள். யார் எப்படி எழுதினாலும் கடைசியில் ஒரே அட்டவணை வந்து சேரும். கூட்டல் மட்டுமே தெரிந்த பள்ளிப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய கணக்கு இது.

1965 விந்தையான ஆண்டு. ஜர்னல் ஆஃப் கெமிக்கல் டாக்குமென்டேஷன் என்ற இதழின் ஐந்தாம் தொகுதியிலேயே மார்கன், டூபான்ட் நிறுவனத்தின் டொனால்ட் கிளக், அணுக்களைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்துக் கழிக்கும் வழியைத் தந்த எட்வர்ட் சுசெங்குத் ஆகிய மூவரின் கட்டுரைகளும் வந்தன. அதே ஆண்டில் ஓஹையோவின் கொலம்பஸ் நகரில் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் தன் பதிவேட்டைத் தொடங்கியது. புட்டி மேல் ஒட்டியிருக்கும் சி.ஏ.எஸ். எண் அங்கிருந்து வருவதுதான். தண்ணீரின் எண் 7732-18-5. கடைசி 5 ஒரு காவல் எண். மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்டினால் 8, 2, 6, 12, 35, 42 சேர்ந்து 105. கடைசி இலக்கம் 5. தட்டச்சில் ஓர் எண் பிசகினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். இன்று அந்தப் பதிவேட்டில் 20 கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன; அதன் அடித்தளம் மார்கனின் கூட்டல்தான்.

பென்சீன் தனியாக ஒரு தலைவலி கொடுத்தது. ஒரே வளையத்தைக் கெக்குலே முறையில் இரு விதமாக வரையலாம். முதல் கார்பனுக்கும் இரண்டாம் கார்பனுக்கும் நடுவே ஒன்றில் இரட்டைப் பிணைப்பு, மற்றொன்றில் ஒற்றை. கேள்வி கேட்பவர் ஒரு விதமாகவும் கோப்பில் பதிந்தவர் மற்றொரு விதமாகவும் வரைந்திருந்தால், இருக்கும் சேர்மம் விடுபடும். ஒற்றையும் அல்லாத இரட்டையும் அல்லாத ஒரு பிணைப்பு வகையைச் சேர்த்தே இதைத் தீர்த்தார்கள். ஹைட்ரஜன் இடம் மாறும் சேர்மங்களுக்கும் இப்படித் தனி விதிகள் எழுத வேண்டியிருந்தது.

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1976-இல் பிரிட்டனின் ஜூலியன் உல்மன், முன்னேறிப் பின்வாங்கும் தேடலில் ஆகாத வாய்ப்புகளை முன்கூட்டியே அடித்துவிடும் வழியைத் தந்தார். பாசெல் நகர மருந்து நிறுவனங்கள் மூன்று சேர்ந்து துண்டு வடிகட்டிகளைச் செப்பனிட்டன. 1980-இல் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் தன் பதிவேட்டைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் தேடத் திறந்துவிட்டது. வடிகட்டு, பிறகு அணு அணுவாகச் சோதி என்ற அதே இரண்டு படிகள்தான் அதிலும்.

தீராத இடம் ஒன்று உண்டு. 1924-இல் யூஜீன் மார்குஷ் என்பவர் ஒரு சாயத்துக்கான காப்புரிமையில், 'இவற்றுள் ஏதேனும் ஒன்று' என்று ஒரு தொகுப்பையே உரிமை கோரி வாங்கினார். அன்றிலிருந்து ஒரே காப்புரிமையில் ஒரே படம், அதன் கைகளில் மாறக்கூடிய பதிலிகளின் நீண்ட பட்டியல். அது எத்தனை கோடிச் சேர்மங்களை மூடுகிறது என்று எழுதியவருக்கே தெரியாது. லிஞ்ச் குழு இந்தப் பொதுமை அமைப்புகளைத் தேட வழி காண்பதற்குப் பல ஆண்டுகள் உழைத்தது.

இது எங்கோ நடக்கும் வழக்கு என்று நினைக்க வேண்டாம். புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட உரிமையை 2006-இல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அந்தத் தீர்ப்பில் நீளமாக அலசப்பட்ட கேள்விகளில் ஒன்று, முந்தைய காப்புரிமையின் பொதுமை வாசகம் மூடிய பரப்புக்குள் இந்த உப்பும் வெளிப்பட்டுவிட்டதா என்பது. படிக வடிவமோ இணைப்பு அட்டவணையில் தெரியவே தெரியாது. அணுக்களும் பிணைப்புகளும் அதே. கணினி விடுபடாமல் தேடிக் கொடுத்தாலும், கிடைத்ததன் பொருளை எடைபோட வேதியியல் தெரிந்த மனிதர் மேசையில் இருந்தாக வேண்டும்.

அத்தகைய மனிதர்களைப் பழக்க ஒரு தொகுப்பு நம் அருகிலேயே இருக்கிறது. தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தினர் 2018-இல் இந்திய மருத்துவத் தாவரங்களின் வேதிப்பொருள்களை அமைப்போடு தொகுத்து, யாரும் தேடும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். முதுகலை வேதியியலிலும் நூலகவியலிலும் இணைப்பு அட்டவணையையும் மார்கனின் கூட்டலையும் ஒரு செய்முறைப் பாடமாக வையுங்கள். முதல் வகுப்பில் தாளும் பென்சிலும் போதும். அடுத்த வகுப்பில் மாணவர்கள் தாங்களே நிரல் எழுதட்டும். பிறகு அந்தத் தொகுப்பிலிருந்து ஒரு தாவரத்தின் சேர்மங்களை எடுத்து, தங்கள் நிரலைக்கொண்டு தேடிப் பார்க்கட்டும்.